கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா? பழவேற்காடு ஏரி சொல்லும் பாடம்

கார்த்திகை மாதத்தில் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் என்று செய்தி வந்தால், அம்மையார்குப்பத்து டீக்கடையில் தவறாமல் ஒரு பேச்சு எழும். "இவ்வளவு தண்ணியும் கடலுக்கு வீணாப் போவுதே!" என்று ஒருவர் சொல்வார். சுற்றி இருப்பவர்கள் தலையசைப்பார்கள். சித்திரையில் கிணறு வற்றி, கத்தரிச் செடி வாடும்போது அதே பேச்சு இன்னும் சூடாக எழும்.

அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நெல் அறுவடை முடிந்து கைக்குச் சற்று ஓய்வு கிடைத்த ஒரு மாசி மாதத்தில், இந்த வட்டாரத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொண்டு பழவேற்காடு ஏரிக்குப் போய் வந்தார்கள். அவர்களோடு நாமும் போயிருந்தோம். அழகான இடம் பார்க்கத்தான் புறப்பட்டோம். ஆனால் திரும்பி வரும்போது வேனில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியே இருந்தது.

ஆற்றோடு போன வழி

திருத்தணி, திருவள்ளூர் வழியாகப் போய் பெரியபாளையம் சாலையில் திரும்பினோம். தாமரைப்பாக்கம் அருகே கொசஸ்தலை ஆறு குறுக்கே வந்தது. நமது வட்டாரத்து ஓடைகள் பலவும், திருத்தணி நந்தி ஆறும் சேருவது இந்த ஆற்றில்தான். நகரி ஆறும் இதில் வந்து கலக்கிறது. இடையில் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கம் சென்னை நகரின் குடிநீருக்காக ஆற்று நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மிஞ்சியது எண்ணூர் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது.

பெரியபாளையம் வந்ததும் இன்னொரு ஆறு. இது ஆரணி ஆறு. ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் போய் நேரே பழவேற்காடு ஏரியில் விழுகிறது. கொசஸ்தலை ஏரிக்கு நேராக வருவதில்லை. ஆனாலும் எண்ணூர் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் காட்டுப்பள்ளி வழியாக உப்பங்கழியாலும் பக்கிங்காம் கால்வாயாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. இரண்டு ஆறுகளும் அக்கா தங்கை மாதிரி. வாழ்க்கைப்பட்ட வீடுகள் பக்கத்துப் பக்கத்தில்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியில் முதலில் நெல் வயல். பிறகு வயலில் பச்சை குறைந்து, மண் வெளுத்து, சவுக்குத் தோப்பும் பனையும் வருகின்றன. காற்றில் உப்பு வாடை அடித்தது. கடைசியில், கரை எது கடல் எது என்று தெரியாதபடி ஒரே நீர்ப்பரப்பு. வேனில் இருந்த பெரியவர் ஒருவர், "நம்மூர் ஏரியை நூறு சேத்து வெச்சாலும் இதுல ஒரு மூலைக்குக் காணாது போல" என்றார்.

உப்பும் நன்னீரும் சேர்ந்த ஏரி

ஏரி என்று பெயரே தவிர, இது நம்மூர் ஏரி போன்றதல்ல. கரை போட்டு மழைநீரைத் தேக்கிய இடம் நம்முடையது. இதற்குக் கரை போட்டது கடலே. அலைகள் கொண்டுவந்து குவித்த மணல், நீண்ட திட்டாக உயர்ந்து, கடலின் ஒரு பகுதியை உள்ளே பிரித்து நிறுத்திவிட்டது. அந்த மணல் திட்டுகளில் பெரியதுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அது ஒரு மதில்போலக் கிடக்கிறது.

வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். இந்தியாவின் உப்புநீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் நமது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லைப் பக்கம் வாழும் நமக்கு இது புதிதல்ல. தண்ணீருக்கு இரண்டு மாநிலம் தெரியாது, மீனுக்கும் தெரியாது.

ஸ்காட்லாந்து நாட்டில் மலைகளுக்கு நடுவே கடல் நீண்ட கைபோல உள்ளே நுழைந்து கிடக்கும் இடங்கள் உண்டு. அவற்றைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து மக்கள் போகிறார்கள். அவை பனிப்பாறைகள் செதுக்கிய ஆழமான பள்ளங்கள். நமது பழவேற்காடு அதற்கு நேர் எதிர். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இடுப்பளவு நீரில் ஆள் நடந்து போவதைப் பார்க்கலாம்.

ஆழம் குறைவாக இருப்பதுதான் இதன் செல்வம். வெயில் அடிமண் வரை இறங்குகிறது. பாசியும் நீர்ச்செடியும் நன்றாக வளர்கின்றன. அவற்றைத் தின்னப் புழு பூச்சியும், இறாலும், சிறு மீனும் பெருகுகின்றன. அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. நாங்கள் போனபோது தூரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு தெரிந்தது. வயலில் நாற்று நட்டுக்கொண்டு வரிசையாகப் பெண்கள் நகர்வதுபோல அந்தக் கோடு மெல்ல நகர்ந்தது. அவை பூநாரைகள். அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் வைத்து, தண்ணீரை வடிகட்டி இரையைத் தின்னும் பறவை இது. அது தின்னும் பாசியிலும் சிறு உயிர்களிலும் உள்ள நிறச்சத்துதான் இறகில் சிவப்பாக ஏறுகிறது. கூழைக்கடா, நாரை, கொக்கு, உள்ளான் என்று மற்ற பறவைகளும் குளிர்காலத்தில் இங்கே கூடும். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும், தமிழகப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன.

கடலின் நாற்றங்கால்

ஏரியின் தென்பகுதியில், பழவேற்காடு ஊருக்குப் பக்கத்தில், மணல் திட்டு உடைந்து கடலும் ஏரியும் சந்திக்கும் இடம் இருக்கிறது. இதை முகத்துவாரம் என்கிறார்கள். இந்த ஏரியின் உயிர்நிலை இதுதான்.

கரையில் வலை சீர் செய்துகொண்டிருந்த மீனவர் ஒருவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். இறால் முட்டையிடுவது கடலில். முட்டை பொரித்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அது கடல் நீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. அலை இல்லாத, இரை நிறைந்த, ஆழம் குறைந்த இந்த நீரில் சில மாதங்கள் வளர்கிறது. வளர்ந்த பிறகு மீண்டும் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் இனம் பெருக்குகிறது. மடவை, கொடுவா போன்ற மீன்களின் குஞ்சுகளும் இப்படித்தான் உள்ளே வந்து வளர்கின்றன.

கேட்டுக்கொண்டிருந்த நம்மவர் ஒருவர், "அப்படின்னா இது நாத்தங்கால்னு சொல்லுங்க. வயல் அங்க, நாத்து இங்க" என்றார். மீனவர் சிரித்தார். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. நாற்றங்கால் கெட்டால் நடவு இல்லை. ஏரி கெட்டால் கடலிலும் மீன் குறையும்.

நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டும் பக்குவம் உண்டல்லவா? இங்கேயும் உண்டு. கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. கோடையில் ஏரி நீர் வெயிலில் காய்ந்து சுண்டும்போது அதைவிட உப்பாகிவிடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணி ஆறும், வடக்கே ஆந்திரப் பக்கத்துக் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு குறைகிறது. ஆற்று வாய்ப் பக்கம் ஏறத்தாழ நன்னீராகவே மாறிவிடுகிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் செழித்து வளர இந்தக் கலவைதான் தேவை. ஆற்று வெள்ளம் மலையிலிருந்தும் வயலிலிருந்தும் அடித்துவரும் வண்டலும் தழைச்சத்தும் ஏரிக்கு எருவாகின்றன.

ஆகவே, "வீணாகக் கடலுக்குப் போகிறது" என்று நாம் சொல்லும் வெள்ளம் இங்கே நாற்றங்காலுக்குத் தண்ணீரும் எருவுமாக வேலை செய்கிறது.

முகத்துவாரம் அடைபட்டால்

வெள்ளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடல் அலை ஓயாமல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைக்கப் பார்க்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, நீர் வேகமாகக் கடலை நோக்கிப் பாயும்போதுதான் அந்த மணல் அறுத்துத் தள்ளப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டில் அறுக்கும் வேகம் இல்லை. முகத்துவாரம் தூர்ந்துபோகிறது. புதுக் குஞ்சு உள்ளே வர வழியில்லை. வளர்ந்தது வெளியே போக வழியில்லை. படகும் கடலுக்குப் போக முடியாது. மீனவர்கள் தாங்களே மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் வெட்டிய காலமும் உண்டு. பொக்லைன் வைத்துத் தோண்டினாலும் சில மாதத்தில் மறுபடி மணல் சேர்ந்துவிட்டது. கல் கொட்டி நிலையான தடுப்புச் சுவர் அமைக்க வேண்டும் என்பது பழவேற்காட்டு மீனவர்களின் பல ஆண்டுக் கோரிக்கையாக இருந்தது.

முகத்துவாரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரியைச் சொல்லலாம். அங்கேயும் வாய் தூர்ந்து, உப்பு குறைந்து, களைச்செடி மண்டி, மீன் விழுந்துபோயிற்று. 2000-ம் ஆண்டு செப்டம்பரில் அங்கே கடலுக்குப் புது வாய் ஒன்று வெட்டினார்கள். 1999-2000-ல் ஏறத்தாழ 1,700 டன்னாக இருந்த மீன், இறால், நண்டு வரத்து, 2001-02-ல் 11,000 டன்னைத் தாண்டியது. சரியான இடத்தில் ஒரு மடை திறந்தால் என்ன பலன் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இவர்களுக்கும் முறைத் தண்ணீர் உண்டு

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பழவேற்காட்டுப் "பாடு" முறை. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல நீரோட்டமுள்ள இடங்களில், கம்புகளை ஊன்றி வலை கட்டினால் இறால் நிறையப் படும். ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் சிலவே. எல்லோரும் போட்டி போட்டால் சண்டைதான். அதனால் கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் நெடுங்காலமாக ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. எந்த ஊர் எந்த நாளில், ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் அபராதம். தலைக்கட்டு என்ற கணக்கில்தான் உரிமை.

இதைக் கேட்டதும் நம் பெரியவர் சொன்னார்: "எங்க ஊர்லயும் ஏரிக்கு நீர்க்கட்டி இருந்தான் தம்பி. மடை திறக்கிறதும் முறை வெக்கிறதும் அவன் பொறுப்பு. தலைமடைக்கு இத்தனை நாழி, கடைமடைக்கு இத்தனை நாழின்னு கணக்கு. போர் போட்ட பெறவு அவனும் இல்லை, முறையும் இல்லை. அவனவன் மோட்டார், அவனவன் தண்ணி."

பாடு முறையிலும் குறை இல்லாமல் இல்லை. அதில் உரிமை இல்லாத மற்ற ஊர் மீனவர்களுக்கும், வலையே இல்லாத ஏழைகளுக்கும் நல்ல இடம் கிடைப்பதில்லை. இதனால் தகராறுகளும் வந்திருக்கின்றன. இருளர் குடும்பத்தினர் ஆழமில்லாத சேற்று நீரில் தவழ்ந்து, கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். ஆணும் பெண்ணும் நாள் முழுதும் கழுத்தளவு நீரில் கிடந்து செய்யும் வேலை இது. ஏரி வற்றினாலும் கெட்டாலும் முதலில் அடிபடுவது இவர்கள்தான். நம்மூரிலும் முறைத் தண்ணீர் இருந்த காலத்தில் கடைமடைக்காரனின் முறையீடு இருந்தது உண்மை. முறையில் குறை இருந்தால் திருத்த வேண்டும். முறையே இல்லாமல் போனால் பலத்தவன் கைதான் ஓங்கும்.

இங்கேதான் ஒரு வாக்குவாதமும் வந்தது. "மேல நீங்க எல்லாத் தண்ணியையும் தேக்கிட்டீங்கன்னா எங்க ஏரி செத்துப்போயிடும் பெரியவரே" என்றார் மீனவர். "எங்க ஏரி ரொம்பலைன்னா நாங்க இன்னா தம்பி பண்றது?" என்றார் பெரியவர். இருவர் சொல்வதும் நியாயம். ஒரே தண்ணீரைத்தான் இருவரும் நம்பி இருக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் இதுவரை முகம் பார்த்துப் பேசியதில்லை, அவ்வளவுதான்.

மீஞ்சூர்க் கிணறுகள் உப்பான கதை

மீனவருக்கு மட்டுமல்ல, கடலோர விவசாயிக்கும் அந்தத் தண்ணீர் தேவை. இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியே போதும். ஆரணி ஆறும் கொசஸ்தலையும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலுக்கு அடியில் இங்கே நல்ல ஊற்று இருந்தது. விவசாயத்துக்கும், சென்னைக் குடிநீருக்கும், தொழிற்சாலைகளுக்கும் அதிலிருந்து இறைத்தார்கள். ஊறுவதைவிட இறைப்பது அதிகமானது. 1969 வாக்கில் கரையிலிருந்து 3 கிலோமீட்டர் அளவில் இருந்த உப்பு, 1983-ல் 7 கிலோமீட்டர் வரை நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டதாகக் கணக்கெடுத்தார்கள். அதன் பின்னும் அது நகர்ந்தது. நெல் விளைந்த நிலங்களில் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாததாயிற்று.

இது எப்படி நடக்கிறது? நன்னீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது. கடலோரத்தில் நிலத்தடியில் நன்னீர், உப்பு நீர்மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பு நீரை அது அழுத்தி வைத்திருக்கும். அதாவது, மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு ஏறத்தாழ 40 அடி மேலேறும். ஒருமுறை ஏறிய உப்பைக் கீழே தள்ளப் பல ஆண்டு நல்ல மழையும், ஆற்றில் ஓடும் நீரும் வேண்டும். ஆற்றில் தடுப்பணை கட்டி நீரை ஊறவைப்பது இதற்காகத்தான்.

உப்பு நிலத்தின் வழியாக மட்டும் வரவில்லை. 1990-களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. வயலுக்கு நடுவே குளம் வெட்டி உப்பு நீரை ஏற்றினார்கள். பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டன. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் அத்தகைய பண்ணை கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. பின்னர் 2005-ல் தனிச் சட்டம் வந்து, கடலோரப் பண்ணைகள் ஓர் ஆணையத்தின் பதிவு முறைக்குள் கொண்டுவரப்பட்டன.

நமது வட்டாரத்தில் ஏறிவரக் கடல் இல்லை. ஆனால் போரை ஆழமாக்கிக்கொண்டே போனால், பல இடங்களில் கிடைப்பது உப்பும் கடினமும் மிகுந்த தண்ணீர். மீஞ்சூர்க்காரர் கடலிடம் இழந்ததை நாம் பாறையிடம் இழப்போம்.

தறியும் துறையும்

அம்மையார்குப்பம் உழவோடு தறியும் உள்ள ஊர். அதனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் அதுதான். பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் இங்கே முக்கியமாகத் தேடி வந்த சரக்கு, உள்நாட்டு ஊர்களில் நெய்த துணி. கட்டம் போட்ட பழவேற்காட்டுக் கைக்குட்டைகள் கடல் கடந்து பேர் வாங்கின. கோட்டை இன்று வெறும் மேடு. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் மட்டும் செதுக்கிய கற்களோடு நிற்கிறது. தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஊரில் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை முடைந்து விற்கிறார்கள். உழைப்பின் நேர்த்தி அதில் தெரிகிறது.

நாம் செய்யக்கூடியது என்ன?

தண்ணீரைத் தேக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தேக்குவதும் ஊறவைப்பதும் முறையாக இருந்தால், நமக்கும் கிடைக்கும். கீழே உள்ளவர்களுக்கும் போகும். சிறு விவசாயி தன் அளவில் செய்யக்கூடியவை:

1. ஏரிக்கு வரும் வரத்துக்கால்களையும், ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் கலங்கல் ஓடையையும் ஆடி மாதத்துக்குள் தூர் எடுத்துவிட வேண்டும். ஓடையை உழுது வயலோடு சேர்த்துக்கொண்டால், வெள்ளம் வரும் ஆண்டில் வயலையே இழக்க நேரும். நமது ஏரிகள் ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததற்கு வரத்தாக அமைந்தவை. கடைசி ஏரி நிரம்பி மிஞ்சுவது ஆற்றுக்குப் போவது நியாயமான பங்கு.

2. மானாவாரி மணிலா நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழவும் வரப்பும் போட வேண்டும். மழைநீர் நின்று ஊறும், மேல்மண் அடித்துப்போகாது. ஏரிகளிலும் முகத்துவாரத்திலும் சேரும் தூரில் ஒரு பங்கு நம் நிலத்து மேல்மண்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

3. பூச்சிமருந்து அடித்த கைத்தெளிப்பானை ஓடையிலும் வாய்க்காலிலும் கழுவக் கூடாது. மிச்ச மருந்தை ஓடையில் கொட்டக் கூடாது. மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் சில வகை மருந்து மிகச் சிறு அளவிலேயே எமன். நம்மூர் ஏரி மீனுக்கும் இதே கதிதான்.

4. கிணற்று நீரையும் போர் நீரையும் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் நீரைச் சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, பெயரும் சர்வே எண்ணும் எழுதிக் கொண்டுபோக வேண்டும். உப்பு ஏறுவது முதலில் தாளில்தான் தெரியும். பயிரில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். இது பற்றித் திருவள்ளூர் அருகே திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

5. ஒரே ஏரிக்குக் கீழே, ஒரே ஊற்றில் இறைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, கோடையில் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்று பேசி முடிவு செய்வது நல்லது. தண்ணீர் குறைந்த ஆண்டில் கரும்பையும் நெல்லையும் குறைத்து, கேழ்வரகு, எள், பயறு போடலாம். மூன்று குப்பத்து மீனவர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வதை ஐம்பது கிணற்றுக்காரர்கள் செய்ய முடியாதா?

போய்ப் பார்க்க விரும்புவோருக்கு

கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். பறவைகள் அப்போதுதான் அதிகம். ரயிலில் போவதானால் திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போய், கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். காலையில் சீக்கிரம் போய்ச் சேர்வது நல்லது. மீன் இறங்கும் நேரத்தையும் பார்க்கலாம். குடிதண்ணீரைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

படகில் ஏற ஆசைப்பட வேண்டாம். 2011 டிசம்பர் 25-ல் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. ஆழம் குறைவுதானே என்று நினைப்பது தவறு. முகத்துவாரப் பக்கம் நீரின் இழுப்பு கடுமையானது. ஊரையும் கலங்கரை விளக்கத் தீவையும் இணைக்கும் பாலத்தில் நின்று பார்த்தாலே ஏரி முழுதும் கண்ணுக்குக் கிடைக்கும்.

நாங்கள் திரும்பியபோது சூரியன் ஏரியின் மேற்குக் கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. வேனில் ஏறும் முன் பெரியவர் ஏரி நீரில் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புதான். ஆனா கடல் உப்பு இல்லை" என்றார். அந்த வித்தியாசம்தான் மேலே பெய்த மழையின் பங்கு. அடுத்த கார்த்திகையில் டீக்கடையில் யாராவது "கடலுக்கு வீணாப் போவுதே" என்று ஆரம்பித்தால், பதில் சொல்ல அம்மையார்குப்பத்தில் இப்போது சிலர் இருக்கிறார்கள்.